14700கே-க்கு வோட்டர் கூலிங்: கொழும்பு வெக்கையில எதுக்குக் காசைக் கொட்டலாம், எதுக்கு வேண்டாம்

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கினா இதுதான். வெள்ளவத்தையில மூண்டாம் மாடி, கடல் பக்க ஜன்னல், ஏசி இல்லாத அறை, கொம்பியூட்டரில இன்டெல் ஐ7 14700கே சிபியூ. இப்ப அதில ஏர் கூலர், கலியாண வீடியோ ரெண்டர் போட்டா 100 டிகிரியில போய் முட்டி நிக்குது. உங்களுக்கு எல்லா பி-கோரும் (சிப்புக்குள்ள இருக்கிற வேகமான கோர்கள்) 5.7 கிகாஹெர்ட்ஸில ஓட வேணும், அதுக்கு ரெடிமேட் 360 ஏஐஓ (பம், குழாய், ரேடியேட்டர் எல்லாம் சேத்து மூடி வாறது, 360 எண்டா 120 மில்லிமீட்டர் ஃபேன் மூண்டு பிடிக்கிற அளவு) எடுக்கிறதோ இல்லாட்டி சீன கிட் ஒண்டை இறக்கி கஸ்டம் லூப் (சாமானைத் தனித்தனியா வாங்கி நாங்களே பூட்டுற தண்ணிச் சுத்து) கட்டுறதோ, கட்டினா என்ன பம், என்ன ரேடியேட்டர், பெற்றோல் செட்டில விக்கிற பற்றரி தண்ணியை ஊத்தலாமோ. ஒவ்வொண்டா வாறன், ஆனா சாமான் பேர் சொல்ல முதல் ஒரு சின்னக் கணக்குப் போடுவம், அது விளங்கினா மிச்சம் எல்லாம் தானா விளங்கும்.

சிபியூவின்ர டெம்பரேச்சர் மூண்டு துண்டு சேர்ந்தது. முதல் துண்டு அறைச்சூடு. ரெண்டாவது, அறைக்காத்தை விட லூப்புக்குள்ள தண்ணி எவ்வளவு கூடச் சுடுது எண்டது. மூண்டாவது, தண்ணியை விட கோர் எவ்வளவு கூடச் சுடுது எண்டது. வெளிநாட்டு ரிவியூக்காரர் 20, 22 டிகிரி அறையில வைச்சுத்தான் டெஸ்ட் பண்ணுறாங்கள், எங்கட வீட்டில ஏசி இல்லாட்டி பகலில 30 டிகிரி, மாசி பங்குனியில அதுக்கும் மேல. அதால யூடியூப்பில 82 எண்டு காட்டினா உங்கட அறையில 90 எண்டு முதலே எழுதி வைச்சிடுங்கோ, அந்த 8 டிகிரியை எந்தக் கொம்பனியின்ர புளொக்கும் (சிபியூவுக்கு மேல இருந்து சூட்டைத் தண்ணிக்குக் குடுக்கிற செம்புத் துண்டு) உங்களுக்குத் திருப்பித் தராது. தண்ணி எவ்வளவு நல்லா ஓடினாலும் அறைக்காத்தை விடக் குளிராது, அது அடித்தளம்.

இப்ப ரெண்டாவது துண்டு. ஒரு நல்ல 360 ரேடியேட்டர், ஃபேன் 1200, 1300 ஆர்பிஎம்மில ஓடினா, 250 வாட் சூட்டுக்கு தண்ணி அறையை விட ஏறக்குறைய 10 டிகிரி கூட நிக்கும். மூண்டாவதுதான் பெரிய துண்டு: 14700கே மாதிரி சிப்பில 250 வாட் போகேக்க கோருக்கும் தண்ணிக்கும் இடையில 50 டிகிரி வித்தியாசம் இருக்கிறது சாதாரணம், ஏனெண்டா அவ்வளவு சூடும் ஒரு சின்னச் சிலிக்கன் துண்டில இருந்து வருது, அது சொல்டர், மேல் மூடி, பேஸ்ட், பிறகு செம்பு எண்டு இவ்வளவையும் தாண்டித்தான் தண்ணிக்கு வர வேணும். ஆக 30 கூட்டல் 10 கூட்டல் 50, மொத்தம் 90. இதில ரேடியேட்டரை ரெட்டிப்பாக்கினா நடுவில இருக்கிற 10 தான் 5 ஆகும். அவ்வளவுதான். ரெண்டு மடங்கு ரேடியேட்டர், ஆறு ஃபேன், அதுக்கு ஃபிட்டிங், எல்லாம் போட்டு 5 டிகிரி. அந்த 50ஐக் குறைக்கத் தெரிஞ்சவன்தான் காசை மிச்சம் பிடிப்பான்.

அடுத்தது உங்கட 5.7. இந்தச் சிப் பி-கோர் எல்லாம் சேர்ந்து 5.5இல ஓடுறதுக்கே செய்தது, இன்டெல் குடுத்த டர்போ பவர் எல்லை 253 வாட். 5.7 எண்டா கூடுறது 3.6 சதவீதம். அதுக்கு வோல்டேஜை ஒரு பேச்சுக்கு 1.25இல இருந்து 1.35க்கு ஏத்த வேண்டி வந்தா, பவர் வோல்டேஜின்ர வர்க்கத்தோட ஏறும், ஃப்ரீக்குவன்சியோடயும் ஏறும், பெருக்கிப் பாத்தா 21 சதவீதம் கூட. 250 இருந்தது 300 ஆகும். பழைய கணக்கில போடுங்கோ: 30, 12, 60, கூட்டினா 102. அந்தச் சிப் 100இல தானாக் குறைச்சுக் கொள்ளும், அதால நீங்கள் லூப் கட்டியும் ரெண்டரில 5.7ஐக் காண மாட்டீங்கள். மறுபக்கம் 5.5லயே விட்டு வோல்டேஜை 1.18 மட்டுக்கும் இறக்க முடிஞ்சா 250 வாட் 223க்கு வரும், டெம்பரேச்சர் 84 பக்கம். எல்லாச் சிப்பும் அவ்வளவு இறங்காது, அது அவரவர் அதிர்ஷ்டம். நான் எண்டா கேம் விளையாட மட்டும் ரெண்டு கோர் 5.7 போறமாதிரி வைச்சிட்டு, ரெண்டருக்கு எல்லா பி-கோரையும் 5.5லயே விட்டிடுவன், ரெண்டர் நேரத்தில அந்த 3 சதவீதம் ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரம் கூட இல்லை.

இதோட இன்னொண்டு, கட்டாயம். 13ஆம், 14ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டொப் சிப்புகளில கூடின வோல்டேஜால சிப்பே தேய்ஞ்சு கிராஷ் ஆகிற பிரச்சினை வந்தது தெரிஞ்சிருக்கும். 2024 ஆகஸ்டில இருந்து அதுக்கு மைக்ரோகோட் (சிப்புக்குள்ள ஓடுற சின்ன புரோகிராம்) அப்டேட் விட்டவங்கள், வாரண்டியையும் ரெண்டு வருஷம் கூட்டினவங்கள். அது மதர்போட்டின்ர அடிப்படை மென்பொருளான பயோஸோடதான் வரும், பயோஸ் பழசா இருந்தா முதல்ல அதை அப்டேட் பண்ணுங்கோ, பிறகுதான் ஓவர்குளொக் (சிப்பை அதுக்கு வைச்ச வேகத்தை விடக் கூட ஓட்டுறது) கதை. ஏற்கனவே தேய்ஞ்சு போன சிப்பை அப்டேட் திருப்பித் தராது, வோட்டர் கூலிங்கும் தராது. கேம் ஒண்டு காரணமில்லாம மூடுது, பெரிய ஸிப் (zip) ஃபைல் விரிக்கேக்க எரர் வருது எண்டா கூலருக்குக் காசு போட முதல் வாரண்டியைப் பாருங்கோ, ஓவர்குளொக் செய்த சிப்புக்கு வாரண்டி கதைக்கிறது கஷ்டம் எண்டதையும் மனசில வைச்சுக் கொள்ளுங்கோ.

சரி, அந்த 50ஐ எப்பிடிக் குறைக்கிறது. மலிவான வழி கொன்டாக்ட் ஃப்ரேம். எல்ஜிஏ 1700 சொக்கெட்டில சிப்பைப் பிடிக்கிற இரும்பு நடுவில அமத்துது, அதால மூடி கொஞ்சமா வளையுது, புளொக் முழுசாத் தொடாது. தேர்மல்ரைட், தேர்மல் கிரிஸ்லி ரெண்டும் இதுக்கு அலுமினியச் சட்டம் விக்குது, தேர்மல்ரைட் மலிவு. பூட்டேக்க நாலு ஸ்க்ரூவையும் மூலைக்கு மூலை மாறி மாறி, கால் சுத்து கால் சுத்தா இறுக்க வேணும், ஒரே பக்கம் முறுக்கினா ரேம் சனல் ஒண்டு காணாமப் போகும். மெஷின் திடீரெண்டு பாதி ரேம் காட்டினா பயப்பிடாதீங்கோ, தளத்திப் போட்டுத் திருப்பி இறுக்குங்கோ. இது சிலருக்கு 5 டிகிரி மட்டில குறைக்குது, மேல சொன்ன ரெண்டாவது ரேடியேட்டர் செய்யிற வேலை, ஆனா காசு எங்கயோ கீழ. பேஸ்ட் நொக்டுவா, ஆர்க்டிக் எது எண்டாலும் பரவாயில்லை, சண்டை பிடிக்கத் தேவையில்லை. ஹனிவெல் பிடிஎம் 7950 எண்ட ஷீட் ஒண்டு இருக்கு, அது சூடேற உருகிப் பரவும், வருஷக்கணக்கில வழிஞ்சு போகாது, அடிக்கடி கழட்டிப் பேஸ்ட் போட விருப்பமில்லை எண்டா அது நல்லம், ஆனா ஒன்லைனில வாற போலியைப் பாத்து வாங்கோணும். லிக்குயிட் மெட்டல் வேண்டாம், அதில இருக்கிற கேலியம் அலுமினியத்தை தின்னும், சொட்டு விழுந்தா மதர்போடும் போகும்.

இவ்வளவும் சொன்னபிறகு என்ர நேரடியான பதில்: சிபியூவுக்கு மட்டும் எண்டா 360 ஏஐஓ போதும். ஆர்க்டிக் லிக்குயிட் ஃப்ரீசர் 3 360 கிடைச்சா அதை எடுங்கோ, ரேடியேட்டர் 38 மில்லிமீட்டர் தடிப்பு, இன்டெலுக்கு கொன்டாக்ட் ஃப்ரேம் பெட்டிக்குள்ளயே வருது, கொம்பனி வாரண்டி 6 வருஷம். ஒரே கஷ்டம் அந்தத் தடிப்பு. 38ஓட ஃபேன் 25, கூட்டினா 63 மில்லிமீட்டர், உங்கட கேசிங்கின்ர மேல் பக்கத்தில அவ்வளவு இடம் இருக்கோ, உயரமான ரேம் இடிக்குதோ எண்டு அடிமட்டம் வைச்சு அளந்து பாத்திட்டுப் போங்கோ. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில ஏறி இறங்கினா வேற நல்ல 360ம் காணுவீங்கள், அதிலயும் பெரிய வித்தியாசம் இல்லை, ஸ்கிரீன் வைச்ச புளொக்குக்கு மட்டும் கூடக் காசு குடுக்காதீங்கோ, அந்தச் ஸ்கிரீனால ஒரு டிகிரியும் குறையாது. கடைக்காரரிட்ட விலை கேக்க முதல் வாரண்டி ஆர் தாறது, கடையோ ஏஜென்டோ எண்டு கேளுங்கோ, அது முக்கியம்.

கேசிங் சின்னன் எண்டா 280ஐ ஒதுக்க வேண்டாம். 140 ஃபேன் ரெண்டு, பரப்புக் கணக்குப் பாத்தா 360ஐ விட 9 சதவீதம் மட்டுமே குறைவு, 240ஐ விட எவ்வளவோ மேல. 240 இந்தச் சிப்புக்கு எங்கட ஊரில காணாது.

பூட்டுற இடம்: மேல பூட்டினா நல்லம். முன்னால பூட்டினா ரேடியேட்டரின்ர மேல் விளிம்பு பம்மை விட உயரமா இருக்கோணும். ஏஐஓவுக்குள்ள எப்பவும் கொஞ்சம் காத்து இருக்கும், வருஷம் போகப் போக ரப்பர் குழாய்க்குள்ளால தண்ணி மெல்ல ஆவியாப் போய் அது கூடும், காத்து எப்பவும் உயரமான இடத்துக்குத்தான் போகும். அந்த உயரமான இடம் பம் எண்டா கொர கொர எண்டு சத்தம், பிறகு பம் போச்சு.

கஸ்டம் லூப் எப்ப கட்டலாம் எண்டா, கிராபிக்ஸ் கார்டையும் அதுக்குள்ள போடப் போறீங்கள் எண்டா. கார்டில இருக்கிற ஜிபியூ சிப்பில மூடி இல்லை, சிலிக்கனில நேராப் புளொக் இருக்கும், பரப்பும் பெரிசு, அதால அந்த மூண்டாவது துண்டு அங்க 50 இல்லை, 10 இல இருந்து 20 தான். தண்ணியின்ர உண்மையான பலன் அங்கதான் தெரியும், சத்தமும் அங்கதான் குறையும். இல்லாட்டி பொழுதுபோக்குக்கு, கை வேலை பிடிக்கும் எண்டா கட்டுங்கோ, அதுவும் ஒரு ஞாயமான காரணம்தான், ஆனா டெம்பரேச்சருக்காக எண்டு வீட்டில பொய் சொல்லாதீங்கோ.

கட்டுறதா இருந்தா நான் எல்லாத்துக்கும் மேல பாக்கிறது உலோகம். நீங்கள் லிங்க் போட்ட அந்த மலிவுக் கிட் இருக்கே, அதில ரேடியேட்டர் அலுமினியம், புளொக் அடி செம்பு. ரெண்டு வேற உலோகம், நடுவில தண்ணி, இது பற்றரி செய்யிற முறை. அலுமினியம் தன்னைக் கரைச்சுக் கரைச்சுக் குடுக்கும், வெள்ளை மா மாதிரி ஒண்டு புளொக்கின்ர நுண்ணிய இடுக்குகளில போய் அடையும், கடைசியில ரேடியேட்டரில ஊசி ஓட்டை. "அப்ப ஏஐஓவும் அலுமினிய ரேடியேட்டர், செம்புப் புளொக் தானே" எண்டு கேப்பீங்கள், சரியான கேள்வி. அது பூட்டி மூடின லூப், துருப்பிடிக்காம இருக்கிற இரசாயனம் அளவாக் கலந்து, காத்துப் போகாம அடைச்சு விக்கிறது, அதுக்கும் ஆயுள் எண்டு ஒண்டு இருக்கு. நீங்கள் திறந்து ஊத்துற லூப்பில அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதால செம்பு, பித்தளை, நிக்கல் பூசின செம்பு இவைதான், அலுமினியம் தண்ணி படுற எந்த இடத்திலயும் வேண்டாம். பஞ்சிகாவத்தையில வாகன ஹீட்டர் கோர் (வாகனத்துக்குள்ள சூடு குடுக்கிற சின்ன ரேடியேட்டர்) ஒண்டு எடுத்துப் போட்டா என்ன எண்டு முந்தியும் ஒரு பொடியன் கேட்டவர். இருபது வருஷத்துக்கு முதல் ஓவர்குளொக்காரர் அப்பிடித்தான் செய்தவை, அப்ப செம்புக் கோர் லேசாக் கிடைச்சுது. இப்ப வாற வாகனக் கோர் பெரும்பாலும் அலுமினியம், விடுங்கோ.

ரேடியேட்டருக்கு அல்பாகூல் நல்ல செம்பு, பிலிப்பைன்ஸ் கொம்பனி ஹார்ட்வெயார் லாப்ஸ் செய்யிற பிளாக் ஐஸும் நல்லது. பாரோ, பைக்ஸ்கி ரெண்டும் சீனா, அவையின்ர செம்பு ரேடியேட்டரும் ஃபிட்டிங்கும் விலைக்குப் பிழை சொல்லேலாது, செம்புதானோ எண்டு விபரத்தில வாசிச்சிட்டு எடுங்கோ. தடிப்பு 30 மில்லிமீட்டர் போதும், 60 மில்லிமீட்டர் கட்டையை மெதுவான ஃபேனால தள்ளேலாது. புது ரேடியேட்டருக்குள்ள சொல்டர் அழுக்கு இருக்கும், டிஸ்டில்ட் வோட்டர் ஊத்தி, குலுக்கி, ஊத்தி, குலுக்கி, வாற தண்ணி தெளிவா வரும் மட்டும் கழுவுங்கோ. இதைச் சோம்பல்பட்டு விட்டவையின்ர லூப்தான் கொஞ்ச நாளில புளொக் அடைச்சு நிக்கும்.

பம் எண்டா டி5 இல்லாட்டி டிடிசி, ரெண்டும் லெயிங் எண்ட கொம்பனி தொடங்கினது, இப்ப சைலம். டிடிசிக்கு அழுத்தம் கூட, ஆனா தானும் சுடும், அடியில ஹீட்சிங்க் வேணும். டி5 சத்தம் குறைவு, ஓடுற தண்ணியே அதைக் குளிராக்கும், உங்களுக்கு அதுதான். பவர் வயரை மதர்போட் ஃபேன் ஹெடரில குத்தாதீங்கோ, சாதாரண ஹெடர் 1 அம்பியர், அதாவது 12 வாட், டி5 அதைத் தாண்டும். பவரை நேரா சப்ளையில இருந்து எடுத்து ஸ்பீட் வயரை மட்டும் மதர்போட்டுக்குக் குடுங்கோ. "கூடின ஃப்ளோ வேணும், ரெண்டு பம் போடுவமோ" எண்டு கேக்கிறவைக்கு ஒரு கணக்கு: நிமிஷத்துக்கு 1 லீட்டர் தண்ணி ஓடினா 250 வாட் அதை 3.6 டிகிரிதான் சூடாக்கும், 3 லீட்டர் ஓடினா 1.2 டிகிரி. அதுக்கு மேல எவ்வளவு ஓடினாலும் என்ன லாபம்? இதாலதான் முதல் ரேடியேட்டரோ முதல் புளொக்கோ எண்ட சண்டையும் வீண், லூப் முழுக்க தண்ணி ஏறக்குறைய ஒரே சூடுதான். ரிசர்வொயர் (தண்ணி நிக்கிற சின்னத் தாங்கி) மட்டும் பம்முக்கு மேல, நேரா முன்னால இருக்கோணும், டி5 காய்ஞ்சு ஓடக் கூடாது.

குழாய் 10க்கு 16 மில்லிமீட்டர் மென்மையானது எடுங்கோ, கறுப்பு ஈபிடிஎம் ரப்பர். பாக்க வடிவில்லைதான். ஆனா தெளிவான பிவிசி குழாய் எங்கட சூட்டில பிளாஸ்டிசைசர் (குழாயை மென்மையாக்கப் போடுற இரசாயனம்) கக்கி, மங்கிப் போய், அந்தப் பிசின் புளொக்கில படியும். சூடாக்கி வளைச்சு எடுக்கிற பெட்ஜி பிளாஸ்டிக் ஹார்ட் டியூப் 60 டிகிரி தாண்டினா இளகத் தொடங்கும், பம் ஒரு நாள் நிண்டா அது பெரிய தூரமில்லை. ஃபிட்டிங் எல்லாம் ஜி 1/4 மரைதான், ஓ-ரிங் இருக்கோ எண்டு பாத்து கையால மட்டும் இறுக்குங்கோ, அக்ரிலிக் ரிசர்வொயரில ஸ்பானர் போட்டா வெடிக்கும். அதே அக்ரிலிக்கை ஸ்பிரிட்டால துடைக்கவும் கூடாது, மயிர் மயிரா வெடிப்பு விழும்.

தண்ணி. பற்றரி தண்ணி எண்டு விக்கிறது உப்பு நீக்கின தண்ணிதான், அடிப்படையில பிழையில்லை, ஆனா லேபிள் இல்லாத போத்திலுக்குள்ள என்ன இருக்கு எண்டு ஆருக்குத் தெரியும். பேர் போட்டு, சீல் உடைக்காத போத்தில், இல்லாட்டி ஆய்வுகூடச் சாமான் விக்கிற இடத்தில டிஸ்டில்ட். பற்றரி அசிட்டும் அதே தட்டில இருக்கும், போத்தில் மாறாம எடுங்கோ. ஆனா சுத்தத் தண்ணி மட்டும் காணாது, துருவைத் தடுக்கவும் பாசியைக் கொல்லவும் மருந்து வேணும், அதால கொன்சன்ட்ரேட் ஒண்டு வாங்கிக் கலக்கிறது சுகம். பைப் தண்ணி வேண்டாம், குளோரினும் உப்பும். கலர் மினுக்கம் போட்ட பேஸ்டல் தண்ணி படம் எடுக்க வடிவு, உள்ளுக்குப் படிஞ்சிடும். "கரண்ட் கடத்தாத தண்ணி" எண்டு எழுதியிருந்தா நம்பி இருக்காதீங்கோ, லூப்பில ஓடி உலோகம் கொஞ்சம் கரைஞ்சா கடத்தும். வருஷம் ஒருக்கா மாத்துங்கோ.

மீன் தொட்டித் தண்ணியைக் குளிராக்கிற சில்லர் போட்டா என்ன எண்டு கடைசியில கேட்டிருந்தீங்கள். கொழும்புக் காத்தில ஈரம் எவ்வளவு எண்டா, 24, 25 டிகிரிக்குக் கீழ போற எந்தப் பொருளிலயும் தண்ணி வேர்க்கும், ஐஸ் சோடா போத்திலைப் பாருங்கோ. அந்த வேர்வை சொக்கெட்டுக்குள்ள நடக்கும். வேண்டவே வேண்டாம். ஏசி போட்டா அறைக்காத்தும் காயும், தண்ணியும் அறையை விடக் கீழ போகாது, அது பிரச்சினை இல்லை, ஆனா மெஷின் 500 வாட் தின்னுது எண்டா 9000 பிடியூ ஏசியின்ர கிட்டத்தட்ட அஞ்சில ஒண்டு அதுக்கே போயிடும், கரண்ட் பில்லையும் யோசியுங்கோ. வோட்டர் கூலிங் சூட்டைக் குறைக்கேல்லை, இடம் மாத்துது, அவ்வளவுதான். கதவு ஜன்னலைப் பூட்டி வைச்சு ரெண்டர் போட்டா அறை 30இல இருந்து 33 ஆகும், அந்த 3உம் கோரில அப்பிடியே ஏறும்.

அதுக்காக கடல் பக்க ஜன்னலுக்குக் கிட்ட மெஷினை வைக்கவும் வேண்டாம். உப்புக்காத்தும் காலி வீதித் தூசியும் சேர்ந்து ரேடியேட்டர் இடுக்கில பசை மாதிரி ஒட்டும், மழை நாளில அது ஈரமும் பிடிக்கும். ரெண்டு மூண்டு மாசத்துக்கு ஒருக்கா புளோவரால ஊதுங்கோ, ஊதேக்க ஃபேனை விரலால பிடிச்சுக் கொள்ளுங்கோ. ஃபேன் வேகத்தை சிபியூ டெம்பரேச்சருக்கு இல்லாம தண்ணி டெம்பரேச்சருக்குக் கட்டினா அது ஏறி இறங்கி கத்தாது: 35 வரைக்கும் மெதுவா, 42இல முழு வேகம். வெளிநாட்டுக்காரர் 30இல தொடங்கிற அந்த ஃபேன் வேக அமைப்பை அப்பிடியே போட்டா உங்கட ஃபேன் எப்பவும் ஓடிக் கொண்டே இருக்கும். டி5இன்ர எல்லை 60 டிகிரி, 50இல மெஷின் தானா நிக்கிறமாதிரி வையுங்கோ. கரண்ட் போனா பம்மும் சிபியூவும் ஒண்டாத்தான் நிக்கும், அதால லூப்புக்கு ஒண்டும் ஆகாது, ஆனா பாணந்துறை மின்நிலையத்தில குரங்கு ஒண்டு பாஞ்சு 2025 பெப்ரவரியில நாடே இருண்டதைப் பாத்தனாங்கள் தானே, ரெண்டர் போடுற மெஷினுக்கு யூபிஎஸ் எடுங்கோ.

லூப் கட்டினா கரண்ட் குடுக்க முதல் லீக் டெஸ்ட். கைப்பம் வைச்ச பிரஷர் டெஸ்டர் ஒண்டு வாங்குங்கோ, 0.5 பார் ஏத்தி கால் மணித்தியாலம் முள் அசையாம நிக்கோணும். அதுக்குப் பிறகு தண்ணி ஊத்தி, பவர் சப்ளையின்ர 24 பின் கொனெக்டரில பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் இணைச்சு பம்மை மட்டும் ஓட விடுங்கோ, மதர்போட்டுக்கும் கார்டுக்கும் கரண்ட் போகக் கூடாது. ஒவ்வொரு ஃபிட்டிங்குக்குக் கீழயும் டிசு. கேசிங்கை அங்கால இங்கால சரிச்சு காத்தை வெளியேத்துங்கோ, ரிசர்வொயர் மட்டம் இறங்க இறங்க நிரப்புங்கோ, ஒரு நாள் விட்டு டிசு காய்ஞ்சு இருந்தா மிச்ச வயரைக் குத்தலாம்.

உங்கட பட்ஜெட் எழுதேல்லை, அதால வரிசையாச் சொல்லுறன்: பயோஸ் அப்டேட்டுக்குக் காசில்லை, 253 வாட் எல்லை வைக்கிறதுக்கும் வோல்டேஜ் இறக்கிறதுக்கும் காசில்லை, பிறகு ஏஐஓ, அதோட ஃப்ரேம் வராட்டி தனியா ஃப்ரேம். இவ்வளவும் செய்து ரெண்டர் போட்டு எச்டபிள்யூஇன்ஃபோ எண்ட புரோகிராமில பாக்கேஜ் பவர் (சிபியூ முழுசும் தின்னுற வாட்), கோர் டெம்பரேச்சர், அறைச்சூடு மூண்டையும் ஒரே நேரத்தில எழுதி அனுப்புங்கோ, அப்பத்தான் எந்தத் துண்டு பெரிசு எண்டு தெரியும், கஸ்டம் லூப் வேணுமோ எண்டு அதைப் பாத்துச் சொல்லுறன்.